பெரிய ரிம், ஒல்லி டயர்: ரப்பரைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

பேஸ் மாடல் கார் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே உறுத்தத் தொடங்குவது சக்கரம்தான். பக்கத்து வீட்டில் அதே கார், ஆனால் டாப் வேரியண்ட், அலாய் பளபளக்கிறது. நம்முடையதில் இரும்பு ரிம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வீல் கப், அதுவும் ஏதாவது ஒரு ஸ்பீடு பிரேக்கரில் கழன்று ஓடியிருக்கும். உடனே அலாய் மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அங்கே "14-ல ஏன் சார் போடுறீங்க, 16 போடுங்க, 17 கூட உக்காரும்" என்பார்கள். உட்காரும், அது உண்மைதான். உட்கார்ந்த பிறகு கார் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கணக்கு, அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்டின் கீழ் வேரியண்ட்களில் வரும் அளவு 165/80 ஆர்14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஆர் என்றால் ரேடியல், இன்றைக்குக் காரில் வருவதெல்லாம் அதுதான், அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. குழப்புவது நடுவில் இருக்கும் 80. அது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அதாவது ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரை இருக்கும் ரப்பர் சுவர், சைடுவால் என்பார்களே அது, டயர் அகலத்தில் 80 சதவீத உயரம். 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. இந்தச் சதவீதம் குறையக் குறைய டயர் ஒல்லியாகிக்கொண்டே போகும், அதைத்தான் லோ புரொஃபைல் என்கிறார்கள்.

இப்போது மொத்தச் சக்கரத்தின் உயரத்தைக் கணக்குப் போடலாம். ரிம் 14 இஞ்ச், ஒரு இஞ்ச் 25.4 மி.மீ., ஆக 355.6. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், இரண்டும் சேர்த்து 264. மொத்தம் 619.6 மி.மீ. கார் கம்பெனி தன் கியர், ஸ்பீடோமீட்டர், சஸ்பென்ஷன், சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு எல்லாவற்றையும் இந்த 620 மி.மீ. சொச்சத்தை வைத்துத்தான் அமைத்திருக்கிறது. அப்சைஸ் செய்வதன், அதாவது ரிம்மைப் பெரிதாக்குவதன், முதல் விதி இங்கேதான் பிறக்கிறது: ரிம் எவ்வளவு பெரிதானாலும் சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது. ரிம் வளர்ந்தால் ரப்பர் அந்த அளவுக்குக் குறைந்தே ஆக வேண்டும்.

அதே ஸ்விஃப்டின் மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர்15 வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 621.5 மி.மீ. வரும். வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. பலேனோவின் டாப் வேரியண்ட் அளவான 195/55 ஆர்16-ஐ எடுத்தால் 620.9. இன்னும் ஒரு படி ஏறி 205/45 ஆர்17 போட்டால் 616.3. நான்கு அளவுகள், நான்கும் ஏறக்குறைய ஒரே உயரம். மாறியது என்ன என்றால் சைடுவால்: 132-லிருந்து 120, அதிலிருந்து 107, கடைசியில் 92. பதினான்கிலிருந்து பதினேழுக்குப் போனவர் சக்கரத்தைச் சுற்றி 40 மி.மீ. ரப்பரையும் அதற்குள் இருந்த காற்றையும் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வாங்கியிருக்கிறார். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதியெல்லாம் அதன் விளைவுகள்தான்.

மொத்த உயரம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கடையில் கையிருப்பு இல்லாதபோது "195/60 போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது, கார் கொஞ்சம் உயரமாவும் இருக்கும்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். 195/60 ஆர்16-ன் உயரம் 640.4 மி.மீ., அதாவது பழையதைவிட 3.4 சதவீதம் அதிகம். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் காருக்கு அது தெரியாது, அது சுற்றுகளை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது. முள் 100 காட்டும்போது முன்பு போய்க்கொண்டிருந்ததைவிட மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்பீடோமீட்டரைக் கம்பெனியே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைக்கும், அந்த இடைவெளியை இது தின்றுவிடும். அதனால்தான் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று டயர் தொழிலில் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள், என்னைக் கேட்டால் ஒரு சதவீதத்துக்குள் கிடைக்கிற அளவு இருக்கும்போது மூன்று வரை ஏன் போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய உயரம் போட்டவர்கள் பலர் "மைலேஜ் விழுந்துடுச்சு" என்பார்கள். உண்மையாகவே கொஞ்சம் விழும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் 3.4 சதவீதம் பெரிய சக்கரத்தில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் ஓடோமீட்டர் 967-தான் காட்டும். அதே பெட்ரோல், அதே தூரம், மீட்டர் மட்டும் குறைத்துச் சொல்கிறது. அதை வைத்து மைலேஜ் கணக்குப் போட்டால் நஷ்டம் இருப்பதைவிட அதிகமாகத்தான் தெரியும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய ரிம் போட்டால் கார் உயரும் என்று பலரும் நம்புகிறார்கள். கார் உயர்வது மொத்த விட்டம் கூடினால்தான், அதுவும் கூடியதில் பாதிதான். 195/60 ஆர்16-ல் விட்டம் 20 மி.மீ. கூடுகிறது, கார் உயர்வது 10 மி.மீ., ஒரு விரல் தடிமன். சரியான அளவில் அப்சைஸ் செய்தால் கார் ஒரு மில்லிமீட்டர் கூட உயராது, 17 இஞ்ச் போட்டாலும் சரி.

சரி, ரப்பரைக் கொடுத்ததற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும் விதம். உயரமான சைடுவால் வளைவில் பக்கவாட்டாக நெளியும், ரிம் ஒரு பக்கம் நகர்ந்த பிறகே தரையில் இருக்கும் ரப்பர் அதைப் பின்தொடரும். குட்டையான சுவர் அவ்வளவு நெளியாது, ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே முன்பக்கம் சட்டென்று திரும்பும். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவர் இதை முதல் நாளே உணர்வார். நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது கார் ஆடுவதும் குறையும். 165 அகலத்திலிருந்து 185-க்குப் போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதற்கு மேல் போகப் போக லாபம் குறைந்துகொண்டே வரும்.

அகலமான டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பு அதிகம், அதனால் பிடிப்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது காரின் எடையும் டயரில் இருக்கும் காற்றழுத்தமும்தான். அழுத்தம் அதேதான் என்றால் அகலமான டயர் தரையில் பதியும் இடம் அகலத்தில் கூடி நீளத்தில் குறையும், மொத்தப் பரப்பு பெரிதாக மாறாது. அந்த அகன்ற வடிவம் வளைவில் உதவும் என்பது சரி. பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதற்கோ அகலத்தைவிட ரப்பரின் தரம்தான் முக்கியம். மலிவான 17 இஞ்ச் டயரைவிட நல்ல கம்பெனியின் 15 இஞ்ச் டயர் ஈரச் சாலையில் சீக்கிரம் நிற்கக்கூடும். மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு: தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் அகலமான டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளச் சிரமப்படும், ஒல்லியான டயரைவிடச் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். நவம்பர் மாதத்தில் ஈ.சி.ஆரில் போகிறவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

இனி இழப்புகள். காரில் சஸ்பென்ஷனுக்கு முன்பே அதிர்ச்சியை வாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். சாலையின் சின்னச் சின்னச் சொரசொரப்பு, பாலத்தின் இணைப்புகள், ஒட்டுப்போட்ட தார், இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குப் போவதற்குள் டயரிலேயே பாதி அடங்கிவிடும். அந்தக் காற்று மெத்தையை 132-லிருந்து 92 ஆக்கினால் பின்சீட்டில் உட்காரும் அம்மா அப்பாதான் முதலில் கேட்பார்கள், "ஏம்பா வண்டி இப்படித் தூக்கிப் போடுது?" என்று. சத்தமும் கூடும்.

தூக்கிப் போடுவதைக்கூடப் பழகிக்கொள்ளலாம், குழி விஷயம் அப்படியில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் கூர்மையான விளிம்புள்ள ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் என்ன நடக்கிறது? குழியின் விளிம்பு டயரை உள்ளே அமுக்குகிறது. சைடுவால் உயரமாக இருந்தால் அது அமுங்கி, காற்றால் தாங்கப்பட்டு, மீண்டும் எழும். குட்டையாக இருந்தால் அமுங்குவதற்கு இடம் தீர்ந்துபோய் ரப்பர் ஒரு பக்கம் ரிம்முக்கும் மறுபக்கம் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். டயரின் பக்கச் சுவருக்குள் இருக்கும் நூல்கள் அந்த ஒரு நொடியில் அறுந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரு நாள் சைடுவாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு நிற்கும். பல்ஜ் என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். அதை ஒட்டவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. அந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ரப்பர் மட்டும்தான், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. டயரைத் தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி. சில சமயம் டயர் தப்பித்து அலாய் வளையும் அல்லது கீறல் விடும். வளைந்ததைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருகிறார்கள், ஆனால் கீறல் விட்ட அலாயை வெல்டிங் செய்து ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரும்பு ரிம் வளைந்தால் தட்டி எடுத்துவிடலாம், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதில் ஒரு நிம்மதி.

அடுத்தது எடை. அலாய் என்றாலே இரும்பைவிட லேசு என்று ஒரு நினைப்பு. ஒரே அளவில் ஒப்பிட்டால் பெரும்பாலும் சரி, ஆனால் 14 இஞ்ச் இரும்பையும் 17 இஞ்ச் வார்ப்பு அலாயையும் ஒப்பிட்டால் அலாய்தான் கனமாக இருக்கும். அதுவும் ரிம் பெரிதாகும்போது உலோகத்தின் எடை மையத்திலிருந்து விலகி வெளியே போகிறது. வெளியே இருக்கும் எடையைச் சுழற்றத் தொடங்குவதற்கும், சுழல்வதை நிறுத்துவதற்கும் கூடுதல் சக்தி வேண்டும். 1.2 லிட்டர் என்ஜின் உள்ள காரில் இது பிக்கப்பில் தெரியும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் மைலேஜிலும் தெரியும். அகலமான டயர் உருளும்போது கொடுக்கும் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ளும். மேலே பாக்கி வைத்த காரணம் இதுதான்.

அப்படியானால் பெரிய கார்களில் மட்டும் ஏன் 18, 19 என்று போடுகிறார்கள்? தோற்றத்தை விட்டால் நேர்மையான காரணம் பிரேக். வேகமான காருக்குப் பெரிய டிஸ்க் வேண்டும், பெரிய டிஸ்க் உள்ளே அடங்கப் பெரிய ரிம் வேண்டும், சக்கரத்தின் உயரத்தைக் கூட்டாமல் அதைச் செய்ய வேண்டுமென்றால் டயர் ஒல்லியாகத்தான் வேண்டும். 1970-களில் போர்ஷே 911 டர்போவுக்கு பிரெல்லி பி7 என்ற 50 புரொஃபைல் டயர் வந்தபோது அது வேகத்துக்கான விடையாக வந்தது. நம் ஹேட்ச்பேக்கில் 17 இஞ்ச் அலாயின் அகன்ற கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு சின்ன டிஸ்க்கும் பின்னால் துருப்பிடித்த டிரம்மும் தெரியும். அழகுக்காகப் போடுகிறேன் என்றால் தாராளமாகப் போடுங்கள், அதில் தப்பே இல்லை, பிரேக் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைக்காரர் அநேகமாகச் சொல்லாத, ஆனால் மிகவும் முக்கியமான ஒன்று லோடு இண்டெக்ஸ். டயர் அளவுக்குப் பக்கத்திலேயே 85டி (85T), 88எச் (88H) என்று சின்னதாக இருக்கும். எண் அந்த டயர் தாங்கும் எடை, எழுத்து அது தாங்கும் வேகம். 85 என்றால் 515 கிலோ, 87 என்றால் 545, 88 என்றால் 560. எழுத்தில் டி 190 கிலோமீட்டர் வேகம், எச் 210, வி 240. விதி எளிமையானது: புது டயரின் எண்ணும் எழுத்தும் பழையதற்குக் கீழே போகக் கூடாது. பழைய 165/80 ஆர்14 பொதுவாக 85. 185/65 ஆர்15 பொதுவாக 88, 195/55 ஆர்16 பொதுவாக 87, இரண்டும் பிரச்சினை இல்லை. 205/45 ஆர்17-ல்தான் சிக்கல். அதில் 84 என்று ஒன்று வருகிறது, தாங்குவது 500 கிலோ. அகலமான, விலை கூடிய, பார்க்க முரட்டுத்தனமான டயர், ஆனால் தாங்கும் எடை பழைய ஒல்லி டயரைவிடக் குறைவு! காற்றுதான் எடையைத் தாங்குகிறது, காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அதே அளவில் எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் எடை தாங்கும் வகை, என்று எழுதிய 88 கிடைக்கும். ஆனால் அது 560 கிலோ தாங்குவது 42 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், சாதாரண டயர் மாதிரி 36-ல் இல்லை. ஆக எக்ஸ்.எல். போட்டுவிட்டு கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே வைத்தால் எக்ஸ்.எல். போட்டதன் பயன் போய்விடும், ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டித்தான் வைக்க வேண்டும்.

டயர் ஆச்சு, இனி ரிம். போல்ட் எத்தனை, அவை எந்த வட்டத்தில் இருக்கின்றன என்பது பி.சி.டி. ஸ்விஃப்டுக்கு 4×100, கிரெட்டாவுக்கு 5×114.3. இது தப்பினால் ரிம் மாட்டவே மாட்டாது, அதனால் இதில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாறுவது நடுத் துளையில். ரிம் போய் உட்காரும் காரின் நடுப்பாகம்தான் ஹப். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ., வெளிச்சந்தை அலாய்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு சின்ன வளையம் போட வேண்டும், போடாவிட்டால் சக்கரம் துல்லியமாக நடுவில் உட்காராமல் 80, 90-ல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் கடைக்கு அலைந்துகொண்டே இருப்பீர்கள்.

ஆஃப்செட் இன்னும் நுணுக்கமானது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது, ரிம்மின் உட்புறம் ஈ.டி. என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும். 5 இஞ்ச் அகல ரிம்மை எடுத்துவிட்டு 6.5 இஞ்ச் போடுகிறீர்கள் என்றால் அகலம் 38 மி.மீ. கூடுகிறது, ஆஃப்செட் மாறவில்லை என்றால் உள்ளே 19, வெளியே 19. ஆஃப்செட் 10 குறைந்தால் வெளியே 29, உள்ளே 9. வெளியே நீட்டிக்கொண்டால் பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் வீல் பேரிங்குக்கு வேலை அதிகம், ஐந்து பேர் ஏறியதும் டயர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடியின் வளைவில் உரசும். உள்ளே அதிகம் போனால் சஸ்பென்ஷனில் உரசும். உரசுகிறது என்றதும் ஸ்பேசர், அதாவது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடு, போட்டுத் தருகிறேன் என்பார்கள். சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மை வாங்கினால் ஸ்பேசருக்கு வேலையே இல்லை, அதைத் தேடுங்கள்.

சட்டம், இன்சூரன்ஸ் இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே மாடலின் இன்னொரு வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்றால் யாருக்கும் பதில் சொல்வது சுலபம், பாடிக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டு நின்றால் கஷ்டம். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலாய் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் பிரீமியம் கூடும். இன்னொன்று, நம் ஊர் சாதாரண பாலிசியில் குழியில் விழுந்து டயர் மட்டும் போனால் பணம் வராது, வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டிருக்க வேண்டும், அப்போதும் டயருக்குப் பாதிதான். ஒல்லி டயர் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டால் என் பதில்: ஒரு இஞ்ச். 14 இருந்தால் 15. ஸ்டியரிங்கில் கிடைக்கும் நல்லது பெரும்பகுதி அந்த ஒரு இஞ்சிலேயே கிடைத்துவிடும், 120 மி.மீ. சைடுவால் நம் குழிகளுக்குத் தாங்கும், சின்ன ஊரிலும் டயர் கிடைக்கும். 16 போட ஆசை என்றால் போடலாம், ஆனால் இரவில் கிராமத்துச் சாலைகளில் அதிகம் ஓட்டுபவராக இருந்தால் யோசியுங்கள். சின்ன ஹேட்ச்பேக்கில் 17 என்பது என் கணக்கில் போட்டோவுக்கு மட்டும்தான். வெளிச்சந்தை அலாயைவிட, மேல் வேரியண்ட்டிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய் கிடைத்தால் அதுவே சிறந்தது, பி.சி.டி., துளை, ஆஃப்செட் எல்லாம் ஏற்கெனவே பொருந்தும். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் விசாரித்தால் அப்படிப்பட்ட செட் கிடைக்கும். ஒவ்வொரு ரிம்மையும் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு வளைவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். டயரும் சேர்த்து வாங்கினால் பக்கவாட்டில் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. பூ, அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் பள்ளக் கோடுகள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பழைய டயர் பழையதுதான்.

மாட்டி முடித்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி உரசுகிறதா என்று கேளுங்கள், அப்புறம் பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கி இன்னொரு முறை கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை மறுபடி முறுக்க வேண்டும், புது அலாயில் அவை கொஞ்சம் தளரும். கடையில் அலாய்க்கென்று தனி நட்டு கொடுத்திருந்தால் பழைய நட்டுகளை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஸ்டெப்னி இன்னும் இரும்பு ரிம்தான், நடுராத்திரியில் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் பஞ்சர் ஆனால் அதற்குப் பொருந்தும் நட்டு கையில் இருக்க வேண்டும்.